பெயர் சொல்லாத தானம்

வேன் டிரைவர் பெட்டிகளைப் பனியில் இறக்கி வைத்துவிட்டு வீட்டை ஏற இறங்கப் பார்த்தான். "சாவி இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்று வலேரியு சொன்னதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போகச் சொல்ல நினைத்த ருக்சாந்தாவுக்கு, உள்ளே டீத்தூள் இருக்கிறதா என்றே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

கீழே நிஸ்த்ரு ஆறு, மேலே கல்லறை மேடு, நடுவில் நீலச் சுண்ணாம்பு அடித்த அந்த வீடு. வலேரியுவின் அம்மா யெவ்ஃப்ரோசினியா தனியாக வாழ்ந்து தனியாகச் செத்த வீடு. அவள் செத்த அதே வாரம்தான் இத்தாலியில் ருக்சாந்தாவுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதனால் அடக்கத்துக்கு மகன் வரவில்லை. இப்போது நாற்பதாம் நாள் சடங்குக்காவது வந்து சேர்ந்தார்களே என்று ஊர் சொல்லிக்கொண்டது.

சடங்குக்கு மட்டும் வரவில்லை, இங்கேயே இருந்துவிடத்தான் வந்தார்கள். இத்தாலியில், பாதுவா நகரத்தில் வலேரியு பார்த்த சாரக்கட்டு வேலை குளிருக்கு நின்றுபோயிருந்தது. குழந்தை அழுகிறது என்று வீட்டுக்காரி ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தையைக் கதகதப்பாக வைத்திருங்கள், இவளுக்கு அதுதான் மருந்து. சொந்த வீடு இருக்கிறது, வீட்டில் புது பாய்லர் இருக்கிறது என்று தைரியமாகப் புறப்பட்டு வந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது பழைய மண்ணடுப்பை இடித்துவிட்டு, வலேரியு தன் சம்பளத்தில் போட்டுக்கொடுத்த கேஸ் பாய்லர் அது. ஒவ்வொரு அறையிலும் சன்னலுக்குக் கீழே, பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் வெள்ளை இரும்பு ரேடியேட்டர்.

கதவைத் திறந்ததும் வெளியே இருந்ததைவிட உள்ளே அதிகமாகக் குளிர்ந்தது. ஈரமண் வாடையும் நனைந்த ஆட்டுத்தோல் வாடையும் கலந்து வீசியது. வலேரியு நேரே சமையலறைக்குப் போய் பாய்லரின் குமிழைத் திருகினான். டிக், டிக், டிக் என்று சத்தம் வந்து, சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சுடர் குப்பென்று எழுந்தது. தானே பெற்றெடுத்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாத்தியா? இத்தனை நாள் கிடந்தும் ஒரே திருகுல பத்திக்கிச்சு."

"முதல்ல கதவைச் சாத்து," என்றாள் ருக்சாந்தா. குழந்தை காதிங்கா அவள் கோட்டுக்குள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தாள்.

அடுத்த வீட்டு பராஸ்கோவியா ஒரு சட்டி கோழிச்சாற்றோடு வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். வாய் ஓயாது, ஆனால் கையும் ஓயாது. பேசிக்கொண்டே தரையைப் பெருக்கினாள், வலேரியு குழந்தையாகக் கிடந்த பழைய தொட்டிலைத் துடைத்தாள், செத்தவளைக் கண்டெடுத்த கதையையும் சொல்லி முடித்தாள்.

"இதோ, இந்த ஸ்டூல்லதான் உட்காந்திருந்தா. ஒரு கால் கட்டை இதுக்கு, ஆடிக்கிட்டே இருக்கும். ரெண்டு ஆட்டுத்தோல் கோட்டு மாட்டிக்கிட்டு, முதுகை ரேடியேட்டர்ல சாச்சு வச்சிருந்தா. தொட்டுப் பாத்தேன். அவளும் ஜில்லுனு இருக்கா, இரும்பும் ஜில்லுனு இருக்கு."

"பாய்லர் போடவே இல்லையா?" என்று கேட்டான் வலேரியு.

"எங்க போட்டா? 'விறகுன்னா தீரும்போது தெரியும் பராஸ்கோவியா, இது எப்ப எவ்வளவு தின்னுதுன்னே தெரியலையே'ன்னு பயந்துக்கிட்டே இருந்தா. நீ அனுப்பின காசை எல்லாம் பொறக்கப்போற பேரப்புள்ளைக்குன்னு எடுத்து வச்சுட்டா. கஞ்சம் இல்லப்பா. பயம்."

வலேரியு எழுந்து வெளியே போய் சிகரெட் பற்ற வைத்தான்.

நாற்பதாம் நாள் வீடு நிறையக் கூட்டம். சர்க்கரை போட்டு அவித்த கோதுமை, முட்டைக்கோஸ் இலையில் பொதிந்த சோறு, வீட்டு ஒயின் என்று எதிலும் குறை வைக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் வந்தவர்களுக்குத் தானம். செத்தவள் அந்த உலகத்தில் சாப்பிடக் கிண்ணம், துடைக்கத் துண்டு, போர்த்தக் கம்பளி, வழிக்கு மெழுகுவர்த்தி. கொடுக்கும்போது செத்தவளின் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் "போக்தாப்ரோஸ்தே" என்று சொல்ல வேண்டும். கடவுள் ஏற்கட்டும் என்று அர்த்தம். அந்தச் சொல் விழுந்தால்தான் பொருள் அங்கே போய்ச் சேரும். விழுந்த பிறகு கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. இது அந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

எல்லோரும் போன பிறகு ருக்சாந்தா சமையலறையில் பாத்திரம் கழுவினாள். மத்தியானம் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. எதிரே பாய்லரின் நீலச் சுடர். பக்கத்தில் அந்தக் கட்டைக்கால் ஸ்டூல். கிண்ணம் கொடுத்தோம், கம்பளி கொடுத்தோம், குளிரிலேயே செத்தவளுக்கு வேண்டியிருந்த ஒன்றை மட்டும் யாருமே கொடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஊரில் மருமகளும் மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பாய்லரைத் தொட்டாள்.

"அம்மா, இந்தக் கதகதப்பும் உங்களுக்குத்தான். நல்லா குளிர் காய்ங்க."

பின்னால் நடையிலிருந்து, தொண்டை கட்டிய பெண் குரல் ஒன்று மெதுவாகச் சொன்னது.

"போக்தாப்ரோஸ்தே."

பராஸ்கோவியாதான் தட்டு எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள் என்று ருக்சாந்தா நினைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கழுவ இன்னும் ஒரு குவியல் கிண்ணம் இருந்தது.

அன்றிலிருந்து வீடு சூடாகவில்லை.

ரேடியேட்டரைத் தொட்டால் கை பொரிந்தது. ஓர் அடி தள்ளி நின்றால் மூச்சு புகையாக வந்தது. சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. வலேரியு சன்னல் இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்தான், கதவடியில் துணி சுருட்டி வைத்தான், ரேடியேட்டரில் காற்று அடைத்திருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீர் சொட்டவிட்டு மூடினான். பாய்லர் இடைவிடாமல் எரிந்தது. இன்னொன்றும் நடந்தது. காலையில் எழுந்து பார்த்தால் வீட்டிலிருந்த ஸ்டூல், நாற்காலி எல்லாம் ரேடியேட்டர்களுக்கு முதுகைக் காட்டி ஒட்டி நின்றன. நீதானே நகர்த்தினாய் என்று இருவரும் ஒருவரையொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

மாதம் முடிந்து பில் வந்தது. வலேரியு அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான், திருப்பிப் படித்தான், பிறகு சிரித்தான்.

"இது நம்ம வீட்டு பில் இல்ல. ஸ்கூலோட பில்ல மாத்திப் போட்டுட்டானுங்க."

"பேரு உன் அம்மா பேருதானே போட்டிருக்கு?"

"பேரு என்ன பேரு! அரண்மனைக்குக்கூட இவ்வளவு ஆகாது. பாதுவால ஒரு மாசம் சாரத்துல தொங்கினாக்கூட இதைக் கட்ட முடியாது, ருக்சாந்தா."

கேஸ் ஆபீஸில் சண்டை போட்டதில் ஸ்பிரிதோன் என்ற ஆளை அனுப்பினார்கள். தொப்பையும் தொள தொள பையுமாக வந்தவர், குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட எழவில்லை. பாய்லரை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தார். அது ஆடாமல் அசையாமல் நின்றது. திரும்ப ஏற்றினார், ஓடியது.

"லீக் இல்ல தம்பி. மீட்டர் சரியா இருக்கு. அவ்வளவு கேஸும் இந்தப் பெட்டிக்குள்ளதான் எரிஞ்சிருக்கு."

"அப்ப சூடு எங்க?"

"அது கூரை வழியாப் போகும், சுவர் வழியாப் போகும். பழைய வீடுங்க எல்லாம் சல்லடை மாதிரிதான். வெளிய வாங்க, காட்டுறேன்."

முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பராஸ்கோவியா வீட்டுக் கூரையில் புகைபோக்கியைச் சுற்றிப் பனி உருகிக் கறுப்பாகத் தெரிந்தது. எதிர்வீட்டுக் கூரையில் பாதி காலி. இவர்கள் கூரையில் மட்டும் பனி முழங்கால் உயரத்துக்கு, ஒரு சொட்டுக்கூட உருகாமல், ஆளே இல்லாத வீட்டில் கிடப்பதுபோல் கிடந்தது. ஸ்பிரிதோன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கேஸ் எங்க போச்சுன்னு கேட்டா நான் பதில் சொல்லுவேன். சூடு எங்க போச்சுன்னு கேட்டா? போலீஸ்லதான் புகார் குடுக்கணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார். போகும்போது ஒயின் வேண்டாம் என்றார். அந்த ஊரில் ஒயின் வேண்டாம் என்று சொல்லி யாரும் கிளம்பியதில்லை.

அன்று மாலை பராஸ்கோவியா குழந்தைக்குத் தொப்பி பின்ன ஊசியும் கம்பளி நூலுமாக வந்து உட்கார்ந்தாள். காதிங்கா தொட்டிலில் கிடந்தபடி ரேடியேட்டர் மூலையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் ஒவ்வோர் இடமாக நகர்ந்தது, வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைப் பார்ப்பதுபோல். ரேடியேட்டருக்கு அடியில் தரையில் ஈரச்சேறு. ருக்சாந்தா அதை மூன்றாம் தடவையாகத் துடைத்தாள்.

"கொடுத்த நேரம் சரியில்ல போலிருக்கு அக்கா," என்றாள் சும்மா பேச்சுக்கு. "சடங்கு அன்னிக்கு நீங்க வேற நடையில நின்னு போக்தாப்ரோஸ்தே சொன்னீங்க, அதுக்கு ஒரு பலனும் காணோம்."

பராஸ்கோவியாவின் ஊசி நின்றது.

"நான் எப்ப சொன்னேன்?"

"எல்லாரும் போனப்புறம். தட்டு எடுக்க வந்தீங்களே."

"நான் வரவே இல்லையே. கொழுந்தன் வீட்டுக்கு அவன் வண்டியிலேயே கிளம்பி அப்பவே பாதி ஊர் தாண்டியாச்சு." அவள் குரல் தாழ்ந்தது. "என்ன கொடுத்த? ஏ பொண்ணு, சொன்னதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாத."

ருக்சாந்தா சொன்னாள். பராஸ்கோவியா எழுந்து நின்று மூன்று தடவை சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"கிண்ணம்னா ஒரு கிண்ணத்தோட முடிஞ்சுது. நெருப்பைக் கொடுத்தா விறகு தீந்ததும் தானா அணையும், வந்தவங்களும் எழுந்து போயிருவாங்க. இது கேஸு, தீராத நெருப்புடி. சரி, அதுகூடப் போகட்டும். பேரு சொன்னியா? யெவ்ஃப்ரோசினியான்னு சொன்னியா?"

"அம்மான்னு சொன்னேன்."

"அம்மான்னு மட்டுமா?"

"ஆமா."

பராஸ்கோவியா சன்னலுக்கு வெளியே மேட்டைப் பார்த்தாள்.

"அந்த மேட்டுல எத்தனை அம்மா படுத்திருக்காங்க தெரியுமா உனக்கு?"

மறுநாள் மத்தியானம் மூவரும் மேட்டுக்கு ஏறினார்கள். குழந்தையைப் பராஸ்கோவியா தன் மகளிடம் விட்டிருந்தாள். மேடு முழுக்க வெள்ளை, சிலுவைகளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. யெவ்ஃப்ரோசினியாவின் கல்லறையில் மட்டும் பனியே இல்லை. கறுத்த மண், அதில் வெளிர்ப்பச்சையாகப் புல் முளைத்திருந்தது. வலேரியு கையுறையைக் கழற்றி மண்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"சூடா இருக்கு," என்றான். "ருக்சாந்தா, அம்மா சூடா இருக்காங்க."

செத்த செய்தி வந்த நாளிலிருந்து அழாதவன் அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அம்மாவுக்குப் போகிறதென்றால் போகட்டும், இன்னும் ஒரு வேலை சேர்த்துச் செய்து கட்டுகிறேன் என்றுகூடச் சொன்னான். பராஸ்கோவியாதான் அவன் தோளைத் தொட்டு அந்தப் பக்கம் பார்க்கச் சொன்னாள்.

பக்கத்துக் கல்லறையிலும் பனி இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. வேலியோரம், முன்னொரு காலத்துப் பஞ்சத்தில் செத்தவர்களைச் சிலுவைகூட நடாமல் புதைத்த நீள வரிசை உண்டு. குளிரும் பசியுமாகப் பிள்ளைகளை அணைத்தபடியே விறைத்துப் போன பெண்கள் கிடக்கும் வரிசை. அங்கேயும் மண் ஈரமாகத் தெரிந்தது. மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது.

வலேரியுவின் முகம் மாறியது. "என் அம்மாவுக்குன்னா சரி. ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் நான் எரிக்கணுமா? என் பிள்ளை விறைச்சுக் கிடக்கு."

"கோவப்படாத தம்பி. திருப்பி வாங்க முடியாது. சொல் விழுந்தாச்சு."

அவன் கேட்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கி, பராஸ்கோவியாவின் மகளிடமிருந்து குழந்தையை வாங்கி வந்து தொட்டிலில் விட்ட கையோடு பாய்லரை அணைத்தான். சுவரிலிருந்த வால்வையும் முறுக்கி மூடினான்.

"வரட்டும், யாரு வர்றாங்கன்னு பாக்கலாம்."

நீலச் சுடர் போனதும் சமையலறை இருண்டது.

ரேடியேட்டர்கள் ஆறத் தொடங்கின. டிக். டிக். இரும்பு சுருங்கும் சத்தம் அறை அறையாக நகர்ந்தது.

பிறகு அதுவும் நின்றது.

ஈரமண் வாடை வந்தது. நனைந்த ஆட்டுத்தோல் வாடை வந்தது.

நடையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. சுவரோரம் இருந்தவை ஒவ்வொன்றாகத் தொட்டிலைப் பார்த்துத் திரும்பின.

ருக்சாந்தா பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். காதிங்காவின் கன்னம் பனிக்கட்டியாக இருந்தது.

"உடம்பு ஜில்லிட்டுப் போச்சு வலேரியு! இப்பதான் தொட்டுப் பாத்தேன், நல்லா இருந்தா!"

குழந்தையைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டி பராஸ்கோவியா வீட்டுக்கு ஓடினார்கள். அங்கே மண்ணடுப்பு தகதகவென்று எரிந்தது. அடுப்புத் திட்டின்மேல் கிடத்தினார்கள். பராஸ்கோவியாவுக்கு நெற்றியில் வியர்த்தது. குழந்தையின் உதடு மட்டும் நீலம் பாய்ந்துகொண்டே போனது. அழக்கூட இல்லை. யாரையோ பார்த்து மெதுவாகக் கண் சிமிட்டியது.

"போ!" என்று பராஸ்கோவியா கத்தினாள். "போய் ஏத்துடா! அவங்களுக்கு அது இல்லைன்னா இவகிட்டேருந்து எடுத்துக்கிறாங்க!"

வலேரியு ஓடினான். அவன் பாய்லரை ஏற்றிய அந்தக் கணம் இங்கே காதிங்கா வீறிட்டு அழுதாள். கன்னத்தில் ரத்தம் ஏறியது. ருக்சாந்தா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இனி இந்தச் சுடரை அணைக்கவே முடியாது என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பாதிரியாரிடம் போனார்கள். அவர் நல்ல மனுஷர், வீடு முழுக்கப் புனித நீர் தெளித்தார். ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பெற ஒரு ஜெபமும் இல்லை என்றார். "செத்தவங்களுக்குச் செய்யறது புண்ணியம்மா. யாரும் இவ்வளவு செஞ்சதில்லை." ருக்சாந்தாவுக்கு அவரை அடிக்கலாம் போல் இருந்தது.

வலேரியு பாதுவாவுக்கே திரும்பினான். நின்றிருந்த சாரக்கட்டு வேலை திரும்பத் தொடங்கியிருந்தது; பகலில் அது, மாலையில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்ப்பது. அனுப்பிய பணம் முழுக்க பில்லுக்குப் போனது. போனில் பேசும்போது முதலில் குழந்தை எப்படி என்று கேட்பான், அப்புறம் சுடர் எப்படி என்று கேட்பான். நாளடைவில் முதல் கேள்வியும் இரண்டாவது கேள்வியும் ஒன்றாகிவிட்டன. மேட்டில் மாதத்துக்கு மாதம் கறுப்பு மண் பரவிக்கொண்டே வந்தது. பில்லும் கூடவே ஏறியது. ருக்சாந்தா கோட்டு, தொப்பி, பூட்ஸோடு வீட்டுக்குள் வாழ்ந்தாள். காதிங்கா உயிரோடு இருந்தாள். அதற்குமேல் கேட்கப் பயமாக இருந்தது.

மார்ச் முடியும் நேரத்தில் வெளிவாசல் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆற்றோரம் பெரிய குழாயில் பழுது பார்க்கிறார்கள், வியாழக்கிழமை பகல் முழுக்க ஊருக்கு கேஸ் வராது. ருக்சாந்தா ஆபீஸுக்கு ஓடிக் கெஞ்சினாள். கவுன்டரில் இருந்த பெண் பாவப்பட்டுத்தான் பேசினாள்.

"ஒரு பகல்தானே அக்கா. கரண்ட் ஹீட்டர் வச்சுக்கங்க. வசந்தமே வந்தாச்சு."

வசந்தம் வரவில்லை. புதன் முழுக்கப் பனி கொட்டியது. வியாழன் விடிந்ததும் பராஸ்கோவியாவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு ருக்சாந்தா மேட்டுக்கு ஏறினாள். யெவ்ஃப்ரோசினியாவின் கல்லறையில் புல் நன்றாக வளர்ந்து நின்றது. சூடான மண்ணில் மண்டி போட்டாள். இந்தத் தடவை தவறு செய்யவில்லை.

"யெவ்ஃப்ரோசினியா, வலேரியுவோட அம்மா. உங்களுக்குத்தான், பேரைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். என் உடம்புச் சூட்டை எடுத்துக்கங்க. எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுங்க. முழுசா எடுத்துக்கங்க. குழந்தையைத் தொடாதீங்க."

காத்திருந்தாள். ஒரு காகம் கத்தியது. கீழே ஆற்றோரம் குழாய் தோண்டும் மெஷின் சத்தம் கேட்டது. யாராவது அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாங்கி வைத்திருந்த கரண்ட் ஹீட்டர்கள் சிவந்து எரிந்தன. பராஸ்கோவியா அடுப்பில் சுட்ட செங்கற்களைத் துணியில் சுற்றிச் சுமந்து வந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ருக்சாந்தா சட்டையைத் திறந்து குழந்தையை வெற்றுடம்போடு சேர்த்து, மேலே கோட்டையும் கம்பளியையும் போர்த்திக்கொண்டு பாய்லருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு பகல்தான் கண்ணு," என்றாள் பராஸ்கோவியா. "தாக்குப்பிடிச்சுருவா."

சுடர் குனிந்தது. மஞ்சளானது. ஒரு விரல்நுனி அளவுக்கு நின்று நடுங்கியது.

போய்விட்டது.

டிக். டிக். இரும்பு ஆறியது.

நாற்காலிகள் நகர்ந்தன. இந்தத் தடவை அவசரமில்லாமல்.

காதிங்கா கண்ணைத் திறந்தாள். அம்மாவின் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரித்தாள். கம்பளிக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே நீட்டினாள், தூக்கிக்கொள்ளச் சொல்லும் பிள்ளை நீட்டுவதுபோல்.

"வேண்டாம்," என்று ருக்சாந்தா கிசுகிசுத்தாள். "வேண்டாம் கண்ணே, இங்க பாரு, அம்மா இங்க இருக்கேன்."

ரேடியேட்டர் பக்கமிருந்து, நடையிலிருந்து, படுக்கையறையிலிருந்து குரல்கள் வந்தன. ஒருத்தி இல்லை, எத்தனையோ பெண்கள். தொண்டை கட்டிய, பசித்த, மிக அன்பான குரல்கள்.

"போக்தாப்ரோஸ்தே."

பராஸ்கோவியாவின் கையிலிருந்த செங்கல் கீழே விழுந்து உடைந்தது.

"என்ன கொடுத்த? ஏ பொண்ணு, இப்ப என்னத்தைக் கொடுத்த?"

"ஒண்ணும் கொடுக்கலை அக்கா," என்றாள் ருக்சாந்தா. "நான் ஒண்ணுமே கொடுக்கலை. இவதான் கையை நீட்டினா."

நெஞ்சோடு கிடந்த குழந்தை அசையவில்லை; கோட்டுக்குள் குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பராஸ்கோவியாவும் பக்கத்தில் வரவில்லை. இருவரும் அப்படியே வெளிச்சம் மங்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம், சொன்ன நேரத்துக்கு முன்பே கேஸ் வந்தது. பாய்லர் டிக் டிக்கென்று தானாகப் பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தரை வெதுவெதுப்பானது. சன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனி கரைந்து வழிந்தது. அந்தத் தானத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வீட்டில் ருக்சாந்தாவின் முகத்தில் சூடு பட்டது.

கூரையில் பனி உருகி முற்றத்தில் சொட்டத் தொடங்கியது.

உள்ளே, ரேடியேட்டர் ஓரத்தில், அந்தக் கட்டைக்கால் ஸ்டூல் மட்டும் டொக், டொக் என்று தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளையை மடியில் போட்டுத் தூங்க வைக்கிறவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள்.